கீழ்க்குரல்

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ குறையுது."

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் கம்பெனிக்காரர். பாட்டு ஆல்பங்களை வெளியிடுவது அவர் தொழில். என்ன குறைகிறது என்று கேட்டால் மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. கையை அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, "இங்க... ஏதோ..." என்று இழுத்தார். உப்பா உறைப்பா என்று சொல்லாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோகும் விருந்தாளியை என்னதான் செய்வது? சமைத்தவளுக்குத்தான் வயிறு எரியும்.

சமைத்தவள் சின்னு. நாற்பதைத் தாண்டியவளை இன்னும் சின்னு என்று கூப்பிடுகிறார்கள் என்றால், அவளுக்கு மேலே ஒரு பெரியவள் இருக்கிறாள் என்று அர்த்தம். இருக்கிறாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடிய குழு அது. பேர் வாங்கிய குழு. மெட்டுப் போடுவது, வரி எழுதுவது, மேடையில் பேசுவது, போஸ்டரில் முன்னால் நிற்பது எல்லாம் அக்கா. அவளுடையது மேல்குரல். சின்னுவுடையது கீழ்க்குரல். அதாவது அக்கா பாடும் அதே வரியை, அதே நேரத்தில், சில சுரங்கள் கீழே நின்று பாடுவது. தொழிலில் இதை 'செகண்ட்ஸ்' என்பார்கள். "தங்கையின் குரல்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம்" என்று ஒரு பத்திரிகைக்காரர் ஒருமுறை எழுதினார். எழுதுவதற்கென்ன, கை வலிக்கவா போகிறது? அஸ்திவாரத்தோடு நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் ஒரு பெரிய அரங்கில் நிகழ்ச்சி. மூன்றாவது பாட்டிலேயே சின்னுவின் மைக் செத்துப்போனது. ஒலி மேசையைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அங்கிருந்தவர்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் இறங்கிப்போனால் அசிங்கம் என்று, செத்த மைக்கில் கடைசிப் பாட்டுவரை பாடினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடையிலிருந்து இறங்கும்போது அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு ரொம்ப நல்லா அமைஞ்சுதுடி" என்றாள்.

அந்த வார்த்தையோடு சின்னுவுக்கு விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில், "நான் இனிமே வரல" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அக்கா சமாதானம் சொல்வாள். அக்கா சமாதானம் சொன்னால் சின்னு கேட்டுவிடுவாள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், அவ்வளவு சுலபமாக விடுமா?

இப்போது தனி ஆல்பம். எல்லாப் பாட்டுக்கும் மெட்டு அவளே போட்டாள், வரி அவளே எழுதினாள். எல்லாம் பதிவாகிவிட்டது. முதல் பாட்டு மட்டும் மறுபடி பாட வேண்டும் என்றார் கம்பெனிக்காரர். இன்று மத்தியானம் வந்து கேட்பார். பிடித்தால் வெளியிடுவார். பிடிக்காவிட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்தத் தொழிலில் 'அப்புறம்' என்றால் 'எப்போதும் இல்லை' என்று பாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இது போதாதென்று காலையில் அம்மா வேறு போனில் பிடித்துக்கொண்டாள். அம்மா இருப்பது அக்கா வீட்டில்.

"அடுத்த வாரம் கச்சேரிக்கு வெளிநாடு போறாங்கடி. நீ வர்றியா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணுமாம். உன் எடம் அப்படியேதான் இருக்கு. இப்ப கூடப் பாடுற அந்தப் புதுப்பொண்ணு சும்மா ஒப்புக்கு."

"அம்மா, எனக்கு இன்னிக்கு ரெக்கார்டிங்."

"தெரியும். எங்க வச்சிருக்க?"

சின்னு யோசிக்காமல் இடத்தைச் சொன்னாள். அம்மா எதையும் சும்மா கேட்பதில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஸ்டூடியோ என்று பெயர்தான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கும் பாடுகிறவரும். இந்தப் பக்கம் இயந்திரங்களும், அவற்றைக் கட்டி மேய்க்கும் சவுண்டு அண்ணனும். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தரை அதிரும்; அது நிற்கும்வரை எல்லோரும் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். சவுண்டு அண்ணன் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். கீபோர்டு வாசிக்க ஒரு டீச்சர் வருவார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், விடுமுறையில் இங்கே வாசிப்பார். அளந்துதான் பேசுவார். பேசினால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பேசினார்.

சின்னு மூன்று முறை பாடி முடித்திருந்தாள். மூன்றும் சுத்தம். சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை. ஆனாலும் சவுண்டு அண்ணன் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"ஆனா?"

"நீயே சொல்லு. எனக்கு மட்டும் என்ன தெரியும்."

டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், "நான் ஒண்ணு வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றார். "தப்பா எடுத்துக்கக் கூடாது."

தப்பா எடுத்துக்கக் கூடாது என்று யாராவது ஆரம்பித்தால் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? சின்னு கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். டீச்சர் இடது கையால் சின்னுவின் மெட்டை அப்படியே வாசித்தார். பிறகு அதையே மறுபடி வாசித்துக்கொண்டு, வலது கையால் மேலே இன்னொரு வரியைச் சேர்த்தார்.

அறை மாறிவிட்டது. அதுவரை வாசலிலேயே தயங்கி நின்ற பாட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. சவுண்டு அண்ணன் சொறிவதை நிறுத்திவிட்டு, "அட" என்றார்.

"இதான் குறையுது" என்றார் டீச்சர். "உங்க மெட்டு எந்த வரியிலயும் முழுசா முடிய மாட்டேங்குது. மேல யாரோ முடிச்சு வைப்பாங்கன்னு விட்டுட்டு நிக்குது. நீங்க போட்டிருக்கிறது பாட்டு இல்ல. பாட்டோட செகண்ட்ஸ்."

சின்னுவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மேல் வரி இல்லாமல் செகண்ட்ஸை மட்டும் யாராவது போடுவார்களா? நிழலை மட்டும் நிற்கவைக்கிற மாதிரி அல்லவா அது!

"இந்தப் பாட்டு மட்டுமா டீச்சர்?"

டீச்சர் இரண்டாவது பாட்டை எடுத்தார். இடது கையில் சின்னு. வலது கையில் இல்லாத யாரோ. பொருந்தியது. மூன்றாவதும் பொருந்தியது. மற்றதெல்லாமும் பூட்டுக்குச் சாவி மாதிரி பொருந்தப் பொருந்த, சின்னுவின் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த இல்லாத யாரோ யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்றம், அந்த வளைவு, கடைசிச் சுரத்தில் விழாமல் ஒரு மயிரிழை தொங்குவது, எல்லாம் அக்கா. அக்காவை விட்டு வந்து, அக்கா இல்லாத வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து, அக்காவுக்கு வேண்டிய இடத்தையெல்லாம் அழகாக ஒழித்து வைத்துப் பாட்டுக் கட்டியிருக்கிறாள்.

"இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"ரெண்டாவது பாட்டுலயே."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க வேணும்னே வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர். "அக்காவுக்காக."

சின்னு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் இருப்பதிலேயே மோசம்; அது சுற்றிச் சுற்றி நம்மிடமே வரும்.

கீழே காற்று இயந்திரம் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. அது நிற்பதற்குள் சின்னு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"அந்த மேல் வரிய நானே பாடுறேன். கீழ எதுவும் வேண்டாம். அதுதான் பாட்டுன்னா அதையே பாடிட்டுப் போறேன்."

அவளால் முடியாதா என்ன? இத்தனை வருஷம் அக்காவின் வரியை அவள் காது தின்று வளர்ந்திருக்கிறது. கண்ணாடி அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேல் வரியைப் பிடித்தாள். தொண்டை இடக்கு பண்ணவில்லை. வரிகள் முழுசாக முடிந்தன. பாதிப் பாட்டில் கதவு திறந்து கம்பெனிக்காரர் உள்ளே வருவது கண்ணாடி வழியே தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு சின்னு இன்னும் கொஞ்சம் குரலைத் திறந்தாள்.

பாடி முடித்தாள். கம்பெனிக்காரர் முகமெல்லாம் பல். சவுண்டு அண்ணன் பேசும் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கத்துப் பேச்சு ஹெட்போனில் விழுந்தது.

"பிரமாதம்" என்றார் கம்பெனிக்காரர். "அக்கா எப்ப வந்தாங்க? சொல்லவே இல்லையே."

சவுண்டு அண்ணன் பாவம், "அது அவங்க இல்ல சார், இவங்க" என்றார்.

கம்பெனிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "இவங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் பொத்தான் அழுத்தியபடியே இருப்பது தெரியாமல், "அப்படியே அக்காவ உரிச்சு வச்ச மாதிரி இருக்கே. அதுக்கு அக்காவையே கேட்டுக்குவாங்களே ஜனங்க" என்றார்.

சின்னு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தாள். கீழே பாடினால் பாதி. மேலே பாடினால் நகல். இரண்டுக்கும் நடுவில் தனக்கென்று ஒரு குரல் இருக்கிறதா என்ற கேள்வி முதல் தடவையாக அவளுக்கு எழுந்தது. இல்லை என்று தெரிந்துபோனால் என்ன செய்வது? அம்மாவுக்குப் போன் போட்டு, வர்றேன் என்று சொல்வதைத் தவிர வேறு என்ன மிச்சம்?

போன் போட வேண்டிய அவசியமே வரவில்லை. மாடிப்படியில் அக்கா வந்துகொண்டிருந்தாள்.

படி ஏறி மூச்சு வாங்க நின்றவளைக் கண்டதும் கம்பெனிக்காரர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். அக்கா கழுத்தில் சால்வை, கையில் வெந்நீர்ப் பாட்டில், முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. எந்த அறைக்குள் போனாலும் அது அவள் அறையாகிவிடும்.

"அம்மா சொன்னாங்க" என்றாள் சின்னுவைப் பார்த்து. "இளைச்சிட்டடி."

"வெளிய வா. பேசணும்" என்றாள் சின்னு.

இருவரும் படிக்கட்டில் நின்றார்கள். கீழிருந்து ரப்பர் வாடை வந்தது. அக்கா வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"போதும்டி. ஒரு வருஷம் ஆச்சு. கோவிச்சுக்கிட்டது போதும். என்ன கோவம்னாவது சொல்லித் தொலை."

"மைக் செத்துப்போச்சு."

"என்னது?"

"அன்னிக்கு அந்தப் பெரிய அரங்குல. மூணாவது பாட்டுலேர்ந்து என் மைக் வேல செய்யல. கடைசி வரைக்கும் சும்மா வாயசைச்ச மாதிரிதான். யாருக்கும் தெரியல. உனக்கும் தெரியல. நல்லா அமைஞ்சுதுன்னு சொன்ன."

சொல்லி முடித்ததும் சின்னுவுக்குக் கண் கலங்கியது. ஒரு வருஷமாகத் தொண்டையில் அடைத்திருந்ததைத் துப்பியாயிற்று. அக்கா அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். சமாதானம் வரும், கையைப் பிடிப்பாள், 'என் ராசாத்தி' என்பாள் என்று சின்னு எதிர்பார்த்தாள். அக்கா குழம்பிப்போயிருந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சே" என்றாள்.

"பக்கத்துல நின்னா கேக்கத்தான் செய்யும். கூட்டத்துக்குக் கேக்கல."

"கூட்டம் கெடக்குது போ. எனக்குக் கேட்டுச்சு, நான் பாடினேன். கேக்கலன்னா என்னால எப்படிடி பாட முடியும்?"

சின்னுவுக்கு இது நழுவல் பேச்சாகத்தான் பட்டது. "அதான் இப்ப புதுப்பொண்ணு இருக்காளே" என்றாள்.

"இருக்கா. சொல்லிக்குடுத்தத அச்சு மாறாம பாடுறா. பழைய பாட்டெல்லாம் ஓடுது." அக்கா பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "புதுசா ஒரு பாட்டும் வர மாட்டேங்குது, சின்னு. உக்காந்தா வெறும் காத்துதான் வருது. ஏன்னே தெரியல. வயசாயிடுச்சோ என்னமோ."

அக்கா பொய் சொல்லவில்லை. மேடையில் ஆயிரம் சொல்வாள். படிக்கட்டில் சொல்ல மாட்டாள். சின்னுவுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் ஆபத்து என்றும் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் அங்கே நின்றால் சரி என்று சொல்லிவிடுவாள்.

"வேல இருக்கு" என்று உள்ளே போனாள்.

பின்னாலேயே அக்காவும் வந்தாள். கம்பெனிக்காரர் அதற்குள் அவளுக்கு நாற்காலி போட்டு, காதுக்கு ஹெட்போன் கொடுத்து, உபசாரத்தை ஆரம்பித்திருந்தார். "நீங்களும் கேளுங்க. உங்க தங்கச்சி மொத மொத தனியா பாடுது." சின்னுவிடம் திரும்பி, "நீங்க அந்தப் பழைய மாதிரியே ஒரு தரம் பாடுங்க. அக்கா கேட்டு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார்.

தன் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல அக்காவா என்று சின்னுவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கண்ணாடி அறைக்குள் போனாள். டீச்சர் முன்னிசையை ஆரம்பித்தார். சின்னு தன் மெட்டைப் பாடினாள், கீழே இருந்தபடியே.

முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியின் நடுவில் அக்காவின் உதடு திறந்தது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தாகமெடுத்தவள் தண்ணீரைப் பார்த்த மாதிரி அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, சின்னுவின் மெட்டுக்கு மேலே, ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், அக்கா பாட ஆரம்பித்தாள். சவுண்டு அண்ணனின் கை தானாகப் போய் அக்கா இருந்த அறையின் மைக்கைத் திறந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் எந்தக் கையும் அதைத்தான் செய்திருக்கும். சின்னுவின் ஹெட்போனில் அக்காவின் குரல் வந்து இறங்கியது.

எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னால் சின்னுவுக்குத் துரோகம். ஆனால் அழகாக இருந்தது. டீச்சர் கண்ணை மூடிவிட்டார். கம்பெனிக்காரர் தொடையில் தாளம் போட்டார். சின்னுவுக்கே உடம்பு சிலிர்த்தது. இதை விட்டுவிட்டா இருந்தோம் என்று மனசு கெஞ்சியது. இன்னும் ஒரு சரணம் போனால் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பாட்டு வெளிவரும், போஸ்டரில் அக்கா முன்னால் நிற்பாள், அடுத்த வாரம் விமானம்.

அப்போதுதான் அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். பாடும்போது அக்காவின் முகத்தை எதிரே இருந்து சின்னு ஒருநாளும் கண்டதில்லை. இப்போது நடுவில் கண்ணாடி மட்டும்தான். அக்காவின் கண் சின்னுவின் வாயை விட்டு நகரவில்லை. சின்னுவின் உதடு ஒரு சுரத்துக்குக் குவிந்த பிறகுதான் அக்கா தன் சுரத்தை எடுத்தாள். சின்னு ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தாள். அக்காவும் நின்றாள். அடுத்த வரியில், மெட்டில் இல்லாத ஒரு திருப்பம் திரும்பினாள். அக்கா ஒரு கணம் தடுமாறி, பின்னாலேயே வந்து, அதன் மேல் ஒரு வளைவைக் கட்டினாள். ரோட்டைக் கடக்கும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தையின் முகம் அது.

சின்னுவுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒத்திகை அறையில், தேநீர் ஆறும்வரை அவள் சும்மா எதையாவது முனகிக்கொண்டிருப்பாள். அக்கா, "இரு, இரு, அத இன்னொரு தரம் சொல்லு" என்பாள். பிறகு மேலே ஒரு வரி போடுவாள். பாட்டு ரெடி. அக்காவின் பாட்டு. அக்காவும் அப்படித்தான் நம்பினாள், ஏமாற்றவில்லை. பாட்டு கீழிருந்துதான் பிறக்கிறது என்பது இருவரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கேட்டுச்சு, நான் பாடினேன் என்று படிக்கட்டில் சொன்னாளே, அதில் நழுவல் எதுவும் இல்லை.

பாதிப் பாட்டில் சின்னு நிறுத்தினாள். இரண்டு சுரம் தனியாகப் போன அக்காவின் குரல், பிடிமானம் இல்லாமல் நின்றது.

"அக்கா" என்றாள் சின்னு மைக்கில். "நீ வாய மூடிக்க."

அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை இந்தத் திசையில் யாரும் சொன்னதில்லை. கம்பெனிக்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"என்ன இது? இதானே நாம தேடினது? ரெக்கார்டு ஆயிருக்கா?"

"ஆயிருக்கு" என்றார் சவுண்டு அண்ணன், தரையைப் பார்த்து.

"அப்புறமென்ன? அக்கா, தங்கச்சி, மறுபடி ஒண்ணா. அடுத்த வாரமே போட்டுடலாம். இது இல்லாட்டி..." அவர் கையை அந்தரத்தில் சுற்றினார். "நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது. அப்புறம் பாக்க வேண்டியதுதான்."

"அழிச்சிடுங்க அண்ணே" என்றாள் சின்னு.

சவுண்டு அண்ணன் கையைப் பிசைந்தார். கம்பெனிக்காரர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாங்க."

அதுதான் நிஜம். அக்கா சொன்னால் சின்னு கேட்பாள். சின்னு மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் முகம் சிவந்திருந்தது. நாலு பேர் முன்னால் அவமானம். ஒரு வருஷமாக வராத பாட்டு இப்போதுதான் வந்திருக்கிறது, அதையும் அழிக்கச் சொல்கிறாள் இவள். அக்கா சின்னுவையே பார்த்தாள்.

"அது எம் பாட்டு இல்லையே சார்" என்றாள் கடைசியில். "அவ சொன்னா சொன்னதுதான்."

சவுண்டு அண்ணன் அழித்தார். அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும் என்பது அநியாயம்தான்.

சின்னு டீச்சரிடம், "மேல எதுவும் வாசிக்காதீங்க. மேல யாரும் இல்ல" என்றாள். கீழ்க்குரல் பாடுகிறவள் எப்போதும் தன் குரலைக் கொஞ்சம் அடக்கி, மேலே வருபவளுக்கு வழி விட்டுப் பாடுவாள். இந்த ஆல்பம் முழுக்க அவள் அப்படித்தான் பாடியிருந்தாள். மெட்டில் குற்றமில்லை. ஆளில்லாத வாசலில் நின்றுகொண்டு வழிவிட்டதுதான் குற்றம். இப்போது விடவில்லை. அதே மெட்டு, அதே வரி. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் இதுதான், இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று வைத்தாள். முடியாமல் நிற்கும் வரிகளை முடியாமலே நிற்க விட்டாள். அந்த இடங்களில் பயமாக இருந்தது; மாடிப்படியில் ஒரு படி இல்லாத மாதிரி. அந்தப் பயத்தோடேயே பாடினாள். ஒரு இடத்தில் குரல் கரகரத்தது. நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. கம்பெனிக்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மத்த பாட்டையும் இதே மாதிரி பாடி அனுப்புங்க. போடறேன்" என்றார். "ஆனா பெரிசா விளம்பரம் எல்லாம் எதிர்பாக்காதீங்க. இது எப்படிப் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியல." கதவருகில் நின்று, தனக்குத்தானே, "விட்டுட்டுப் போகவும் முடியல" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப்போனார்.

சின்னுவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சால்வை நழுவிக் கிடந்தது. மேடையில் இல்லாதபோதுதான் அவளுக்கும் வயது தெரிகிறது. வெளிநாட்டுக்கு வருகிறாயா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்திருந்தது.

இயந்திரங்களுக்கு நடுவே எந்தப் பொத்தான் என்று சவுண்டு அண்ணனிடம் கேட்டு, அக்கா அதை அழுத்தினாள்.

"சின்னு."

"சொல்லு."

"நல்லா இருந்துச்சான்னு என்னைக் கேக்காத. எனக்குத் தெரியல." அக்கா தொண்டையைச் செருமினாள். "நீ சொன்ன மாதிரி வாய மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா உள்ளுக்குள்ள நான் பாடிட்டேதான் இருந்தேன். ஆரம்பத்துலேர்ந்து முடியுற வரைக்கும். உன் பாட்டு என் காதுல விழவே இல்லடி."

கீழே காற்று இயந்திரம் ஓடி, நின்றது.

"இன்னொரு தரம் பாடுறியா?" என்றாள் அக்கா. "இந்தத் தடவ கேக்குறேன்."